டவர் லைனுக்காக மரம் பெயர்த்து நட்டவர்கள்: இரண்டு கோடை தாண்டி ஒரு விமர்சனம்

நட்ட மறு வாரமே எழுதியிருக்கலாம். வேண்டாம் என்று வைத்திருந்தேன். பெயர்த்து நட்ட மரம் தண்டில் மிச்சமிருக்கும் சத்தை வைத்தே முதல் தடவை துளிர்த்துவிடும், அதைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், இரண்டு கோடை தாண்டட்டும் என்று வேலை செய்த மேஸ்திரியே சொல்லியிருந்தார். 2023 சித்திரையில் நட்டோம். இரண்டு கோடையும் தாண்டிவிட்டது. இனி எழுதலாம்.

குழுவின் பெயரைப் போடவில்லை. ஆறு பேர், சொந்தமாக ஒரு ஹிட்டாச்சி, தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கும் ஹைட்ரா கிரேன், இவ்வளவுதான் அவர்கள். கையில் இருக்கும் வேலையே முடியவில்லை, பெயர் போட்டு எழுதினால் போனுக்குப் பதில் சொல்லவே ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். உண்மையாகத் தேவைப்படுபவர்கள் என்னிடம் கேட்டால் எண் தருகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மரக்கணக்கு புரியும். தாராபுரம் தாலுகாவில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர் கொறங்காடு. உழுது பயிர் வைக்காத மானாவாரி மேய்ச்சல் காடு அது. கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மூன்று பாகமாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றதை ஆறப்போட்டு, மாற்றி மாற்றி மாட்டை விடுவோம். மாமனார் காலத்தில் ஊன்றிய கிளுவை இன்னும் வேலியாக நிற்கிறது. கோடையில் புல் காய்ந்து போன நாளில் மாட்டுக்கும் செம்மறிக்கும் வெள்வேலங்காய்தான் தீவனம். ஒரு மரம் போனால் நிழல் போகும், காய் போகும், அதனடியில் கடைசி வரைக்கும் பச்சை பிடித்து நிற்கும் புல்லும் போகும்.

இந்தக் காட்டின் குறுக்கேதான் 400 கே.வி. (கிலோவோல்ட்) உயர்மின் டவர் லைன் வந்தது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விழும் பூமி. உடுமலை, தாராபுரம் என்று பார்க்கும் இடமெல்லாம் காற்றாலை. அந்த மின்சாரம் வெளியே போக வழி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நிலக்கரியை எரிப்பதைவிடக் காற்றில் எடுப்பது நல்லது என்று நம்புகிறவள் நான். ஆனால் ஒரு லைனைக் காட்டை நாசம் செய்தும் போடலாம், அதிகம் நோகாமலும் போடலாம். இரண்டையும் எங்கள் ஊரிலேயே, ஒரே லைனில், அடுத்தடுத்த காட்டில் பார்த்துவிட்டேன்.

லைன் எடுத்த ஒப்பந்தக்காரரின் ஆள் 2023 தை மாதம் வந்தார். பாதை அகலம் 46 மீட்டர், அதற்குள் நிற்கும் மரம் எல்லாம் போக வேண்டும் என்று சொல்லி, மரத்துக்கு மரம் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன். வெள்வேலம் 12, வேம்பு 4, பனை 3, ஆலமரம் 1, புங்கன் 1. மொத்தம் 21. கிளுவை வேலியையும் அந்த அகலத்துக்குப் பிடுங்க வேண்டுமாம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அண்ணன் மகன் லைன் கம்பி இழுக்கும் வேலையில் சூபர்வைசராக இருக்கிறான். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தவனைக் காட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். நடந்து பார்த்தான், டேப் பிடித்து அளந்தான். அப்புறம், "அத்தை, அத்தனையும் வெட்டோணும்னு ஆரு சொன்னது?" என்றான்.

அவன் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், லைன் வரப்போகும் எல்லாருக்கும் உதவும். கம்பி நேராகப் போவதில்லை. டவரில் உயரத்தில் கட்டியிருக்கும், இரண்டு டவருக்கு நடுவில் தொங்கும். கடும் வெயிலிலும், அதிக மின்சாரம் ஓடும் நேரத்திலும் சூடேறி நீண்டு இன்னும் கீழே இறங்கும். அப்படி அதிகபட்சம் தொங்கும்போதும் 400 கே.வி. கம்பி தரையிலிருந்து கிட்டத்தட்ட 8.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரத்துக்கும் கம்பிக்கும் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆக, கம்பி தாழும் நடுப்பகுதியில் பத்தடிக்கு மேல் எதையும் வளர விட முடியாது. முருங்கை, எலுமிச்சை மாதிரி கவாத்து செய்து அடக்கி வைக்கக் கூடியதுதான் அங்கே சரி. டவரை ஒட்டிய பக்கம் கதை வேறு. அங்கே கம்பி எங்கேயோ மேலே போகிறது. இருபதடி வெள்வேலம் அடியில் நின்றால் கம்பிக்கும் கேடில்லை, மரத்துக்கும் கேடில்லை. கிளுவை எந்த இடத்திலும் தடையே இல்லை.

இன்னொன்றும் சொன்னான். காட்டு நிலத்தில் லைன் போட மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்திருக்கும் விதிப்படி, கம்பி இழுப்பதற்காக ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு குறிப்பிட்ட அகலப் பட்டைதான் வெட்டலாம். வேலை முடிந்ததும் அதில் தானாக முளைப்பதை வளர விட வேண்டும். பராமரிப்புக்கு ஒரு பட்டையை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம். அரசுக் காட்டில் இவ்வளவு போதும் என்றால் என் கொறங்காட்டில் மட்டும் 46 மீட்டரையும் மொட்டையடிக்க என்ன தேவை?

இதையெல்லாம் படம் போட்டு, எந்த மரம் டவரிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு உயரம் என்று அட்டவணை எழுதிக் கொடுத்தோம். மூன்று தடவை அலைந்த பிறகு ஒரு பொறியாளர் கருவியோடு வந்து மறுபடி அளந்தார். நல்ல மனுஷர், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். 21 என்பது 13 ஆனது. டவர் பக்கம் நின்ற ஏழு வெள்வேலமும் ஒரு வேம்பும் தப்பித்தன. கிளுவை முழுதும் தப்பித்தது. மிச்சம் 13 மரத்துக்குத்தான் மறுநடவுக் குழுவைக் கூப்பிட்டேன்.

வந்து பார்ப்பதற்குக் காசு வாங்கவில்லை, டீசலுக்கு மட்டும் 600 ரூபாய். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். மரத்துக்கு மரம் போய்த் தண்டில் கையை வைத்துப் பார்த்தார், அடியில் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். அரை நாள் ஆனது. அவர் முதலில் சொன்னது வேலை எடுப்பதைப் பற்றி இல்லை, எடுக்க முடியாது என்பதைப் பற்றி. ஐந்து வெள்வேலத்தையும் காட்டி, "இதை விட்டுருங்க அம்மிணி. ஆணிவேர் சுக்கான் பாறைச் சந்துக்குள்ள போயிருக்கும். தோண்டுனா மரம் வருமுங்க, உசுரு வராது. உங்க காசு எங்களுக்கு எதுக்குங்க" என்றார். பனையில் மிக உயரமான ஒன்றையும் வேண்டாம் என்றார். ஆறு மரத்துக்கான கூலியை அவராகவே விட்டுவிட்டார். அந்த இடத்திலேயே இவரை நம்பலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆக ஏழு மரம். வேம்பு 3, பனை 2, ஆலமரம், புங்கன்.

அடுத்து அவர் கேட்டது, "எத்தனை நாள் இருக்குதுங்க?" பதினைந்து நாள் என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். முறையாகச் செய்வதென்றால் மரத்தைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு முதலில் வாய்க்கால் வெட்டி, அந்தப் பக்க வேரை அறுத்து மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். சில வாரம் கழித்து, அறுத்த இடத்தில் சல்லிவேர் விட்ட பிறகு மறு பாதி. அதற்கும் பிறகுதான் தூக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துவிடும். எங்களுக்கோ சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் வாசலில் நிற்கிறது. "நடுறோமுங்க. ஆனா ஏழுக்கு ஏழுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினார்.

ஒரு வேம்பைத் தூக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்டு ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த குறுக்களவு. அதற்கு எட்டடி அகலத்துக்கு, வேரோடு சேர்ந்து வரும் தாய்மண் வேண்டும் என்று கயிற்றைப் பிடித்து வட்டம் போட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே அடியில் நிறையத் தண்ணீர் விட்டிருந்தார்கள், மண் உதிராமல் கட்டியாக வருவதற்கு. கிளைகளை ரம்பத்தால் அறுத்து, பெரிய கிளையில் மூன்று மூன்றடி மட்டும் விட்டார்கள். அறுத்த வாயில் எல்லாம் பசுஞ்சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, ஈரச் சாக்கைச் சுற்றினார்கள். ஹிட்டாச்சி வெளி வட்டத்தைத் தோண்டியது. உள்ளே நெருங்க நெருங்க அதை நிறுத்திவிட்டு மண்வெட்டிதான். கட்டை விரல் தடிமன் வேர் வந்தால் பிய்த்து இழுக்காமல் கவாத்துக் கத்தரியால் நறுக்கினார்கள், பிய்ந்த வேர் அழுகும், நறுக்கின வேர் ஆறும் என்று சொல்லிக்கொண்டே. தாய்மண்ணைச் சாக்கால் சுற்றி, சணல் கயிற்றால் பொட்டலம் கட்டுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள்.

தூக்குவதற்கு முன் ஒரு பையன் தண்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். எதற்கு என்று கேட்டேன். இத்தனை வருடம் காலை வெயில் பட்ட பக்கம் புது இடத்திலும் கிழக்கே இருக்க வேண்டுமாம். வெயில் படாத பக்கத்துப் பட்டை மெல்லிசாக இருக்கும், திருப்பி நட்டால் மேற்கு வெயிலில் வெடித்துவிடும் என்றான். பெல்ட் படும் இடத்தில் பழைய லாரி டியூபை மடித்து வைத்தார்கள். ஹைட்ரா மெதுவாகத் தூக்கியது. அந்த மரத்தின் கீழ்தான் என் மகளுக்குத் தூளி கட்டியிருந்தேன். அது தரையை விட்டு மேலே எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழி முந்தின நாளே தயார். மணல், மக்கிய எரு, வேப்பம்புண்ணாக்கு, அதே இடத்து மேல் மண். துணி கிழக்கே பார்க்க இறக்கி, மண்ணைத் தள்ளித் தண்ணீர் விட்டு, காற்றுக் குமிழி நின்ற பிறகு மறுபடி மண் போட்டார்கள். மூன்று பக்கம் மூங்கில் முட்டு. தண்டைச் சுற்றித் தென்னங்கீற்றுப் பந்தல். ஒரு மரத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது.

ஆலமரத்தில்தான் கணக்கு தவறியது. ஒரு ஹைட்ரா போதும் என்று வந்தார்கள், தாய்மண்ணோடு சேர்த்து அசையவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்த வேலை, இரண்டாவது வண்டி தாராபுரத்திலிருந்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை வெட்டிய வேர் வெயிலில் காயாமல் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தோம், எங்கள் வீட்டு ஆட்கள், அவர்கள் ஆட்கள் எல்லாரும் குடம் தூக்கினோம். இரண்டாவது வண்டிக்கு 9,000 ரூபாய். தப்பு எங்களுடையது என்று பாதியை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். முழுதையும் ஏற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், முன்னமே பார்த்து எடை போட்டவர்கள் அவர்கள்தானே. ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். அறுத்த ஆலங்கிளையில் கை தடிமனுக்கு மேல் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்து, கேட்காமலேயே வண்டித்தடத்து ஓரமாக ஐந்து போத்து நட்டுவிட்டுப் போனார்கள். நான்கு வேர் பிடித்துவிட்டது.

மரம் நடுவது மட்டும்தான் இவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். டவர் அடித்தளம் தோண்டும் நேரத்தில் மேஸ்திரி சொன்ன இரண்டு விஷயம், மரத்தைவிடப் பெரிய லாபம் எனக்கு.

முதலாவது மேல் மண். கொறங்காட்டில் ஒரு சாண் மண்தான் உயிர் மண். புல்லின் வேர், விதை, சாணம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. கீழே போனால் வெள்ளைச் சுக்கான் மண், ஒன்றும் முளைக்காது. டவர் கால் குழி தோண்டும் ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வாரி வெளியே போட்டு, கடைசியில் சுக்கானை மேலே பரப்பிவிட்டுப் போவார்கள். பக்கத்துக் காட்டில் அப்படித்தான் செய்தார்கள், இன்றைக்கும் அந்த இடத்தில் எருக்கும் பார்த்தீனியமும்தான். எங்கள் பக்கம் மேஸ்திரி தன் ஹிட்டாச்சியை விட்டு முதலில் ஒரு சாண் மண்ணைச் சீவி, தனிக் குவியலாக ஓரத்தில் போட்டுத் தார்ப்பாய் மூடி வைக்கச் சொன்னார். கான்கிரீட் முடிந்து குழி மூடிய பிறகு, சுக்கானைக் கீழே தள்ளி, அந்த மண்ணை மேலே பரப்பினோம். ஆடி மழைக்கே கொழுக்கட்டை தலை காட்டியது. மறு வருடம் டவர் காலுக்கு நடுவில் செம்மறி மேய்ந்தது. இந்த வேலைக்கு ஆன செலவு ஹிட்டாச்சி மூன்று மணி நேர வாடகை, அவ்வளவுதான்.

இரண்டாவது கலவை கழுவிய தண்ணீர். கான்கிரீட் இறக்கிய பிறகு டிரம்மைக் கழுவி அப்படியே பள்ளத்தில் விடுகிறார்கள். சிமெண்ட் தண்ணீர் காரம், புல்லையும் புழுவையும் பொசுக்கிவிடும், மழையில் குட்டைக்கும் போகும். ஒரு குழி எடுத்துத் தார்ப்பாய் விரித்து அதில் கழுவச் சொல்லுங்கள், காய்ந்ததும் பாளமாகப் பெயர்த்து எடுத்துப் போய்விடலாம் என்றார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள், இரண்டாம் நாள் அவர்களாகவே செய்தார்கள்.

சரி, மரத்தின் இன்றைய நிலைமை. வேம்பு மூன்றும் நன்றாக இருக்கின்றன. முதல் துளிர் 23ஆம் நாள் வந்தது, அந்த ஆவணியில் கொஞ்சம் வாடிக் கவலைப்பட வைத்தது, போன வருடம் ஒன்றில் பூ வந்தது, இந்த வருடம் மூன்றிலும். ஆலமரம் மெதுவாகத்தான் தேறுகிறது, ஆனால் இந்தக் கோடைக்கு அடியில் இரண்டு மாடு படுக்கிற அளவு நிழல். புங்கன் மேலே பட்டுப்போய்விட்டது என்று வெட்டப் போனேன், அடித்தூரில் இரண்டு கிளை வெடித்திருந்தது, விட்டுவிட்டேன். பனை ஒன்று நிற்கிறது. மற்றது எட்டு மாதம் பச்சையாகவே நின்று ஏமாற்றிவிட்டுக் குருத்து சாய்ந்தது. நடாமல் விட்ட உயரப் பனையை வெட்டுவதற்கு அனுமதி வாங்க அலைந்தது தனிக் கதை. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள், அது சரிதான், பனை அவ்வளவு சுலபமாகப் போகக் கூடாது.

மொத்தச் செலவு: வேம்பு ஒன்றுக்கு 11,000, ஆலமரம் 32,000, பனை ஒன்றுக்கு 7,500, புங்கன் 8,000. ஆக 88,000, அதோடு இரண்டாவது வண்டியில் என் பங்கு 4,500. செத்த பனைக்குப் பாதிப் பணத்தைக் கேட்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த இழப்பீட்டுத் தாளில் வெட்டிய மரத்துக்குத்தான் பத்தி இருந்தது, பெயர்த்து நடுவதற்கு ஒரு ரூபாயும் இல்லை. வெட்டுவதற்குக் காசு, காப்பாற்றுவதற்குக் கைக்காசு என்று இருந்தால் எத்தனை பேர் காப்பாற்றுவார்கள்? திட்டச் செலவிலேயே இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறேன்.

குழுவிடம் குறை என்று சொல்ல வேண்டியது மூன்று. ஆலமரத்துக் கணக்கைச் சொல்லிவிட்டேன். ஹைட்ரா திரும்பும்போது பன்னிரண்டடி கிளுவையைச் சாய்த்துவிட்டார்கள், மறுபடி ஊன்றிக் கொடுக்கச் சொல்லி இரண்டு மாதம் போன் போட வேண்டியிருந்தது. தண்ணீர் எப்போது, எவ்வளவு விடுவது என்பதை வாயால்தான் சொன்னார்கள், எழுதிக் கொடுக்கவில்லை. பனைக்கு அதிகம் விட்டது நான்தானோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. இவர்களைக் கூப்பிடுபவர்கள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பி இழுப்பு மறு வருடம் நடந்தது. அண்ணன் மகன் சொல்லிக் கொடுத்தபடி ட்ரோன் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். ட்ரோன் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு டவரிலிருந்து டவருக்குப் போனது. அந்தக் கயிற்றில் தடித்த கயிறு, அதில் இரும்புக் கயிறு, கடைசியில் கம்பி. ஒரு பக்கம் வின்ச் இழுக்க, மறு பக்கம் டென்ஷனர் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் கம்பி தரையைத் தொடவே இல்லை. எங்கள் காட்டில் ஒரு புல் மிதிபடவில்லை. இரண்டு காடு தள்ளி டிராக்டரில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், காய் பிடித்த நிலக்கடலை அரை ஏக்கர் போனது. மேற்கு வங்கத்துப் பையன்கள்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்தார்கள், என்ன கொடுத்தார்களோ அதை வைத்து அவர்கள் செய்கிறார்கள், அவர்கள் மேல் குறையில்லை.

டவர் உச்சியில் போகும் மெல்லிய எர்த் கம்பி மயிலுக்குத் தெரிவதில்லை. கனத்த உடம்பு, சட்டென்று திரும்பத் தெரியாது. அதனால் குட்டைக்கு மேல் போகும் இடத்தில் அந்தக் கம்பிக்குச் சுருள் மாட்டச் சொன்னோம், மாட்டினார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற அரிய பறவை இதே மாதிரி கம்பியில் மோதிச் சாவதால்தான் 2021இல் உச்ச நீதிமன்றம் அங்கே லைனை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. எல்லா இடத்திலும் அது முடியாது என்று 2024இல் அந்த உத்தரவை மாற்றி, நிபுணர் குழு போட்டார்கள்.

மண்ணுக்கடியில் என்றதும் எங்கள் பக்கம் எல்லாருக்கும் நினைவு வருவது புகளூர்–திருச்சூர் லைன். புகளூரிலிருந்து டவரில் போகும் அந்த 320 கே.வி. நேர்மின் (டி.சி.) லைன், கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடி கேபிளாக மாறிவிடுகிறது. 2,000 மெகாவாட் போகிறது. 2021இல் திறந்தார்கள். அங்கே முடிந்தது எங்கள் காட்டில் ஏன் முடியாது என்று கொங்கு விவசாயிகள் வருடக்கணக்கில் கேட்டுவிட்டார்கள். கேபிளுக்குச் செலவு பல மடங்கு, பள்ளம் தோண்டுவதிலும் மண் கெடும் என்பதும் உண்மை. ஆனாலும் ரோட்டோரம் போகக் கூடிய இடத்தில் ரோட்டோரம் போகலாமே. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கே.வி. நேர்மின் லைன் 69 மீட்டர் அகலத்தில் 6,000 மெகாவாட் கொண்டுவருகிறது. அதைச் சாதாரண 400 கே.வி.யில் கொண்டுவந்தால் எங்களுடையதைப் போலப் பல லைன் ஆகியிருக்கும். பழைய டவரிலேயே சூடு தாங்கும் புதுக் கம்பியை மாற்றி ஏற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் போகும் என்றும் அண்ணன் மகன் சொன்னான். அந்த இடத்தில் ஒரு மரத்தையும் தொட வேண்டியதில்லை.

இழப்பீட்டைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 2015 வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். வழிகாட்டுதல்தான், மாநிலம் என்ன ஆணை போட்டிருக்கிறது என்று தாலுகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் குழுவைக் கூப்பிடலாமா என்றால், தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் எங்களைப் போல லேட்டாகக் கூப்பிடாதீர்கள். எங்கள் பெரிய மாமா காடு அதே லைனில் மேற்கே இருக்கிறது. அவர் சர்வே ஆட்கள் கொடி நட்ட அன்றைக்கே கூடவே நடந்தார். டவர் புள்ளியைத் தோப்பிலிருந்து பொதுப் பொழிக்கு (எல்லை வரப்புக்கு) தள்ளச் சொல்லி அங்கேயே பேசி, எழுத்திலும் கொடுத்தார். டவர் நாற்பது மீட்டர் தள்ளி வந்தது. முப்பது தென்னையும் நாலு புளியமரமும் இருந்த இடத்தில் இருக்கின்றன, ஒரு பைசா செலவில்லை. எனக்கும் அதே கொடி 2022 ஐப்பசியில் கண்ணில் பட்டது. என்னமோ அளக்கிறார்கள் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மேஸ்திரி எடுக்க மறுத்த ஐந்து வெள்வேலத்தைக் கடைசியில் வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. வெட்டும் முன் அவற்றின் காயைப் பறித்துக் காயவைத்துச் செம்மறிக்குப் போட்டோம். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்த விதைதான் சுலபமாக முளைக்கும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. பாதைக்கு வெளியே, வடக்குப் பாகத்தில் ஒரு மாதம் பட்டி போட்டு ஆட்டை அடைத்து, புழுக்கையை அங்கேயே விழ விட்டு, மழை வந்ததும் அந்தப் பாகத்தைப் பூட்டிவிட்டோம். போன வாரம் போய் எண்ணினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் 34 கன்று நிற்கிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு அந்தப் பாகத்தில் மாடு விடப் போவதில்லை.

மரங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பவர்கள் வரலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் காட்டில்தான் இருப்பேன். உள்ளே வந்ததும் படலைச் சாத்திக் கயிறு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மாடு ரோட்டுக்குப் போய்விடும்.